சொல்லு, சொல்லு என்றால் சொல் வராது

மூன்று வயதுப் பையன். உட்காருவதற்குள் அவன் அம்மா பையிலிருந்து ஃப்ளாஷ் கார்டு கட்டை எடுத்துவிட்டார். வரிக்குதிரை, முக்கோணம், சனிக் கோள் என்று காட்டிய எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னான். ஆனால் வீட்டில் தாகமெடுத்தால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பானை முன்னால் நிறுத்துவானாம். "இவ்வளவு வார்த்தை தெரிஞ்சும் ஏன் மேடம் பேச மாட்டேங்குறான்?"

ஒரு குட்டிக் காரை டிபன் டப்பாவில் போட்டு, இறுக மூடி அவனிடம் கொடுத்தேன். ஆட்டினான், கடித்துப் பார்த்தான், கடைசியில் என் மடியில் வைத்தான். 'திற' அவனிடம் இல்லை. "ஓபன் சொல்லு, சொல்லுடா" என்று அம்மா ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஸ்பீச் தெரபிஸ்டாக இதை அடிக்கடி பார்க்கிறேன். பெயர்ச்சொல் மூட்டை மூட்டையாக இருக்கும், வினைச்சொல் இருக்காது. "தண்ணி ஊத்து", "கதவைத் தொற" என்று இரண்டு சொல்லைக் கோக்க வினை வேண்டும். யானையை அட்டையில் அச்சடித்துவிடலாம், 'பிழி'யை எப்படி அச்சடிப்பது? ஆரம்ப காலத்தில் நானே பெற்றோருக்குச் சொல் பட்டியல் எழுதிக் கொடுத்தவள்தான். அதை லேமினேட் செய்து கொண்டுவந்து, குழந்தையை வரிசையாக ஒப்பிக்க வைத்தார்கள். அதோடு பட்டியலை விட்டுவிட்டேன்.

வினைச்சொல் கொட்டிக் கிடக்கிற இடம் சமையலறை. வெங்காயத்தை உரிக்கிறோம், கீரையை ஆய்கிறோம், அரிசியைக் களைகிறோம், தேங்காயைத் துருவுகிறோம், மாவைப் பிசைகிறோம், எலுமிச்சையைப் பிழிகிறோம். ஒவ்வொன்றுக்கும் கை வேறு மாதிரி அசைகிறது, அதனால் சொல்லும் வேறு. இதையெல்லாம் 'கட் பண்ணு, வாஷ் பண்ணு, மிக்ஸ் பண்ணு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். தனித்தமிழ்ச் சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் குழந்தையின் காதில் திரும்பத் திரும்ப விழுவது 'பண்ணு' ஒன்றுதான்.

அந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது ஒரே வேலை. தினமும் பத்து நிமிடம் அவனை அடுக்களைத் தரையில் உட்காரவைத்து ஏதாவது உரிக்க விடுங்கள். ஒரு நாள் பூண்டு, மறுநாள் வேர்க்கடலை, அப்புறம் வாழைப்பழம். பொருள் மாற மாற, மாறாமல் நிற்கிற 'உரி' என்ற சொல்லைக் குழந்தை பிடித்துக்கொள்ளும். "இது என்ன?" என்று பரீட்சை வைக்காதீர்கள், செய்துகொண்டே சொல்லுங்கள். சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெற்றோருக்குக் கஷ்டமே இந்த ஐந்துதான். மூன்றாவதிலேயே வாய் திறந்துவிடுவார்கள். அவன் "பூண்டு" என்றால் நீங்கள் "பூண்டு உரி" என்று ஒரு சொல் கூட்டுங்கள், போதும்.

இதெல்லாம் காது கேட்கிற குழந்தைக்கு. இரண்டு வயதாகியும் ஐம்பது சொல்கூட வரவில்லை, இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் முதலில் காது பரிசோதனை. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வார். சொல்லட்டும், நீங்கள் கிளம்புங்கள். இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தள்ளிப்போவதில்லை, அதற்காக வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம். செல்போனைப் பொறுத்தவரை, இரண்டிலிருந்து நான்கு வயதுவரை திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. சாப்பாட்டு நேர ரைம்ஸும் அதில் சேர்த்திதான்.

ஆறு வாரம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன். வெளியே போய் வந்தவன் காலை நீட்டி, "ம்மா, சாக்ஸ் உரி" என்றானாம். "தப்பா சொல்றானே, திருத்தணுமா மேடம்?"

"வேண்டாம். 'சாக்ஸைக் கழட்டணுமா, வா கழட்டலாம்'னு சொல்லிக்கிட்டே கழட்டுங்க" என்றேன்.