ஆம்பியரை விடுங்கள், வாட்டைப் பாருங்கள்: உப்புக் காற்றில் ஆர்.சி. காருக்கு ஒரு சார்ஜர்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் 12 வோல்ட் பேட்டரிக்குப் பஞ்சமே கிடையாது. வீட்டு இன்வெர்ட்டரில் ஒன்று, ஜிபிஎஸ் வைத்த படகில் ஒன்று, வாசலில் நிற்கும் ஆட்டோவில் ஒன்று. அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டியும் தெருவில் யாரிடமாவது இருக்கும். ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. கார் புதிதாக வாங்கியவருக்கு முதலில் தோன்றுவதும் அதுதான்: காரின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் 11.1 வோல்ட் என்று போட்டிருக்கிறது, 12 வோல்ட் சார்ஜரில் மாட்டினால் என்ன?

மாட்டவே கூடாது. ஈய-அமில பேட்டரிக்கான சார்ஜர் 14.4 வோல்ட் வரை ஏற்றும். 11.1 வோல்ட் லிப்போவுக்குள் இருப்பவை தொடராக இணைத்த மூன்று செல்கள். ஒரு செல்லின் உச்சவரம்பு 4.2 வோல்ட், மூன்றுக்கும் சேர்த்து 12.6. அதில் 14.4 வோல்ட்டைத் திணித்தால் செல்லுக்கு 4.8 வோல்ட் கணக்காகிறது. அந்த அளவை எட்டும் முன்பே பேட்டரி உப்பி, புகைந்து, தீப்பிடிக்க வாய்ப்பு அதிகம். வோல்ட் ஏறத்தாழ ஒத்துப்போனால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது. எந்த ரசாயனம், எத்தனை செல் என்பது சார்ஜருக்குத் தெரிந்தாக வேண்டும்.

லிப்போ சார்ஜர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் கரண்ட் மாறாது, வோல்டேஜ் மெல்ல ஏறும். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் இரண்டாவது கட்டம். இப்போது வோல்டேஜை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு, கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். தொடக்கக் கரண்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் நிறுத்திவிடும். கடைசிப் பத்து, இருபது சதவீதம் ஏற இவ்வளவு நேரமா என்று பலர் சலித்துக்கொள்வது இந்த இரண்டாவது கட்டத்தில்தான். சார்ஜர் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

எவ்வளவு கரண்ட் கொடுக்கலாம்? பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-மணியாகச் சொன்னால் அந்த எண்தான் 1சி. 5000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) பேட்டரிக்கு 5 ஆம்பியர், 2200 எம்ஏஎச்சுக்கு 2.2 ஆம்பியர். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்கார வேண்டும். கரண்ட்டை அளவுக்கு மீறிக் கூட்டினால், உள்ளே நகர இடம் கிடைக்காமல் படிக்கட்டில் தொங்கும் பஸ் பயணிகளைப் போல அயனிகள் வாசலிலேயே தேங்கி, உலோக லித்தியமாகப் படியத் தொடங்கும். படிந்ததில் பெரும்பகுதி திரும்ப வேலைக்கு வராது, கொள்ளளவு குறையும். படிவு ஊசிபோல வளர்ந்து நடுவிலுள்ள சவ்வைத் துளைத்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட். பேட்டரியின் உறையில் 2சி, 5சி வரை ஏற்றலாம் என்று தெளிவாகப் போட்டிருந்தால் ஏற்றலாம். இல்லையென்றால் 1சி. உறையில் பெரிதாக அச்சிட்ட 50சி, 100சி எல்லாம் காரை ஓட்டும்போது இழுக்கக்கூடிய கரண்ட்டைப் பற்றியவை, சார்ஜுக்கு அல்ல.

இனி கடையில் எதைப் பார்த்து வாங்குவது என்பதற்கு வருவோம். சார்ஜர் பெட்டியில் “6 ஆம்பியர்” என்று கொட்டை எழுத்தில் இருக்கும். “50 வாட்” என்பது ஓரத்தில் பொடியாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பொடி எழுத்தை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 2எஸ், அதாவது தொடராக இரண்டு செல் உள்ள பேட்டரி நிறையும் தறுவாயில் 8.4 வோல்ட், 5 ஆம்பியர் கொடுக்க 42 வாட் போதும். 3எஸ் என்றால் 12.6 பெருக்கல் 5, அதாவது 63 வாட். 50 வாட் சார்ஜரால் அது முடியாது. திரையில் 5 ஆம்பியர் என்று நீங்கள் வைத்தாலும் ஏறத்தாழ 4 ஆம்பியரில் நின்றுகொள்ளும். கெட்டுப்போகாது, நேரம்தான் கூடும். 4எஸ் என்றால் 3 ஆம்பியர்தான். எனவே 2எஸ் கார் ஒன்றோடு சரி என்பவருக்கு 50 வாட் தாராளம். 3எஸ் ஓட்டுபவர் 80 வாட்டுக்குக் கீழே போக வேண்டாம். இரண்டு பேட்டரியை ஒரே நேரத்தில் ஏற்றும் இரட்டைச் சார்ஜரில் “200 வாட்” என்று இருந்தால் அது ஒரு பக்கத்துக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்த்துத்தான்.

அடுத்தது பேலன்ஸ். லிப்போவின் பக்கத்தில் தொங்கும் சின்ன வெள்ளைக் கனெக்டரைச் சிலர் மாட்டுவதே இல்லை. 2எஸ்ஸில் அதற்கு மூன்று ஊசி, 3எஸ்ஸில் நான்கு. தடித்த ஒயர் வழியாக மட்டும் பார்த்தால் சார்ஜருக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டுமே. ஒரு செல் 4.35, இன்னொன்று 4.05 என்றாலும் கூட்டினால் 8.40தான், எல்லாம் சரி என்று சார்ஜர் நினைத்துக்கொள்ளும். வெள்ளைக் கனெக்டர் மாட்டியிருந்தால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து, முந்திப்போகும் செல்லில் இருந்து சிறிது கரண்ட்டை ஒரு மின்தடை வழியாக வெப்பமாக்கிக் கழிக்கும். விலை குறைந்த சார்ஜர்களில் இந்தக் கழிவுக் கரண்ட் 200 முதல் 300 மில்லி ஆம்பியர்தான். 5000 எம்ஏஎச் பேட்டரியில் ஒரு செல் பத்து சதவீதம், அதாவது 500 எம்ஏஎச் முந்தியிருந்தால், 250 மில்லி ஆம்பியரில் அதைச் சமன்செய்ய 2 மணி நேரம். ஒவ்வொரு முறையும் இவ்வளவு நேரம் எடுத்தால் சார்ஜரைத் திட்ட வேண்டாம், அந்தப் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

நிக்கல் பேட்டரிகளின் கதையே வேறு. பெட்டியோடு வரும் பல கார்களில் 7.2 வோல்ட், ஆறு செல் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான் இருக்கும். இதற்கு 4.2 போல ஒரு நிலையான உச்சவரம்பு கிடையாது. நிறைந்த பிறகு உள்ளே ஆக்சிஜன் உருவாகி, எதிர்முனையில் சேர்ந்து, வெப்பமாகிறது. சூடு ஏறியதும் வோல்டேஜ் உச்சத்திலிருந்து மெல்ல இறங்கும். செல்லுக்கு 5 மில்லிவோல்ட் அளவிலான அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்துகிறது. ஆறு செல்லுக்கு 30 மில்லிவோல்ட்.

உப்புக் காற்று உள்ளே நுழைவது இந்த இடத்தில். அந்தக் கார்களில் வரும் வெள்ளை டாமியா கனெக்டரின் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பாம்பனிலோ தனுஷ்கோடியிலோ சில மாதம் ஓடியதென்றால் ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். அந்தப் படிவால் தொடுமுனையின் மின்தடை 10 மில்லி ஓம் கூடிக் குறைந்தால் போதும், 3 ஆம்பியர் ஓடும்போது 30 மில்லிவோல்ட் வித்தியாசம் காட்டும். சார்ஜர் காத்திருக்கும் அறிகுறியும் அதே 30 மில்லிவோல்ட். ஒயர் லேசாக அசைந்தாலும் “நிறைந்துவிட்டது” என்று பாதியில் நிறுத்திவிடும். பேட்டரி செத்துவிட்டது என்று தூக்கிப்போடப்படும் பலவற்றில் கோளாறு கனெக்டரில்தான். தங்கமுலாம் பூசிய எக்ஸ்டி60 வகைக்கு மாற்றிவிட்டால் தொல்லை பெரும்பாலும் தீரும். நிக்கல் பேட்டரிக்குக் கரண்ட்டை ரொம்பக் குறைக்கவும் கூடாது. 0.5சிக்குக் கீழே போனால் அந்த இறக்கமே மங்கி, சார்ஜர் அதைக் கவனிக்காமல் ஏற்றிக்கொண்டே போகலாம்.

இதே காரணத்தால், லிப்போவை நிக்கல் முறையில் வைத்து ஏற்றுவது எல்லாவற்றையும்விட மோசமான தவறு. லிப்போவில் அந்த இறக்கம் வரவே வராது. சார்ஜர் அதற்காகக் காத்துக்கொண்டே வோல்டேஜை ஏற்றும். லைஃப் (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) முறையில் தவறுதலாக வைத்தால் ஆபத்தில்லை, 3.6 வோல்ட்டிலேயே நின்று பாதிகூட நிறையாது. ஸ்டார்ட் பட்டனை அழுத்துமுன் ரசாயனம், செல் எண்ணிக்கை, ஆம்பியர் ஆகிய மூன்றையும் வாய்விட்டுப் படிப்பது நல்ல பழக்கம். மாட்டும் வரிசையும் முக்கியம்: வாழைப்பழ முனை என்று கடைக்காரர் சொல்லும் சிவப்பு, கறுப்பு முனைகளை முதலில் சார்ஜரில் செருகிவிட்டு, பிறகு பேட்டரியை இணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால், பேட்டரியோடு இணைந்த இரண்டு முனைகளும் வெளியே தொங்கும். ஒன்றையொன்று தொட்டால் பொறி பறக்கும்.

சார்ஜருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நேரடியாக 230 வோல்ட்டில் செருகும் வகை வீட்டுக்குச் சுலபம். 12 வோல்ட் உள்ளீடு மட்டும் உள்ள வகைக்குத் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் தனி எஸ்எம்பிஎஸ் வேண்டும். 3எஸ்ஸுக்கு 63 வாட் வெளியே வர, சார்ஜருக்குள் வீணாவதையும் சேர்த்தால் 75 வாட் உள்ளே போக வேண்டும், அதாவது 12 வோல்ட்டில் 6 ஆம்பியருக்கு மேல். 5 ஆம்பியர் அடாப்டர் அங்கே தடுமாறும். வோல்டேஜ் படுத்து, சார்ஜர் பிழை காட்டி நின்றுவிடும். சிசிடிவிக்கும் எல்இடி பட்டைக்கும் விற்கும் 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் சரியான தேர்வு. ஆனால் சல்லடைப் பெட்டி வகையில் 230 வோல்ட் திருகுகள் திறந்தே இருக்கும். மூடி போட்டு, எர்த் இணைத்து, குழந்தை கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

அரியமான் கடற்கரை மாதிரி பிளக் பாயின்ட் இல்லாத இடத்துக்குப் போகிறவர்களுக்கு 12 வோல்ட் உள்ளீடுதான் துணை. 3எஸ் 5000 எம்ஏஎச் பேட்டரி ஒன்றை முழுதாக நிரப்ப, வீணாவதையும் சேர்த்து 65 வாட்-மணி பிடிக்கும். 65 ஆம்பியர்-மணி கார் பேட்டரியைப் பாதி வரை இழுத்தால் 390 வாட்-மணி, ஆறு முறை ஏற்றலாம். யுபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு முறைக்கே போதாது. பைக் பேட்டரியை நினைக்கவே வேண்டாம். சார்ஜர் மெனுவில் உள்ளீட்டு வரம்பை 11.5 வோல்ட்டுக்குக் கீழே விடாதீர்கள், திரும்ப வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டுமே. படகில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருக்கலாம். 11 முதல் 18 வோல்ட் வரை மட்டும் தாங்கும் சார்ஜரை அதில் மாட்டினால் அந்த நொடியே போய்விடும். சோலார் பலகையிலும் இதே சிக்கல்தான்: “12 வோல்ட்” பலகை சுமையில்லாதபோது 21, 22 வோல்ட் காட்டும். நேராக மாட்டாமல், கன்ட்ரோலர் வழியாக ஈய-அமில பேட்டரிக்குக் கொடுத்து, அங்கிருந்து எடுங்கள்.

கரண்ட் போய்ப் போய் வரும் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கை. காரோடு இலவசமாக வரும் சுவர் சார்ஜர்களில் சில வெறும் நேரக் கணக்கில் ஓடுபவை. மின்சாரம் நின்று திரும்பினால் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஏற்கெனவே நிறைந்த பேட்டரிக்கு மறுபடி முழு நேரமும் ஏற்றும். திரையும் மெனுவும் உள்ள சார்ஜர்கள் பொதுவாக மெனுவிலேயே நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் பாதுகாப்பு.

உப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே கசியத் தொடங்கும். சார்ஜரின் விசிறி உறிஞ்சிய உப்புத்தூள் சர்க்யூட் போர்டில் படிந்து, ராத்திரி ஈரத்தில் மின்கடத்தும் படலமாகிறது. செல் வோல்டேஜ் தாறுமாறாகத் தெரிவதும் தொடுமுனைகள் அரிப்பதும் இதனால்தான். வேலை முடிந்ததும் சார்ஜரை மூடி இறுகும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் ஆயுள் கூடும். ஆடிக் காற்றில் மணல் பறக்கும்போது சார்ஜரை மணலோடு மணலாகத் தரையில் வைக்காதீர்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைத்து ஏற்றுவதும் வேண்டாம். லித்தியம் செல்லுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஓடி முடித்த பேட்டரி கைக்குச் சுட்டால், நிழலில் ஆறவிட்டுப் பிறகு மாட்டுங்கள். வீட்டில் என்றால் சிமெண்ட் தரை, பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். கீற்றுக் கொட்டகையும் நைலான் வலை குவித்த அறையும் டீசல் கேன் வைத்த மூலையும் இதற்கான இடமல்ல.

பிரபலமான ஐமேக்ஸ் பி6 வகைக்குச் சந்தையில் போலிகள் ஏராளம். வெளித்தோற்றத்தில் பிரித்தறிவது கடினம். வாங்கிய அன்றே 2எஸ் பேட்டரி ஒன்றைப் பேலன்ஸ் முறையில் முழுதாக ஏற்றி, வெள்ளைக் கனெக்டரின் அடுத்தடுத்த ஊசிகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 4.18க்கும் 4.22க்கும் இடையில் இருந்தால் சரி. 4.25 காட்டினால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கார் வாரக்கணக்கில் பரணில் கிடக்கும். நிறைந்த லிப்போவை அப்படியே விட்டால் சூட்டில் உள்திரவம் சிதைந்து வாயுவாகிப் பேட்டரி உப்பும், செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். “ஸ்டோரேஜ்” முறை அதற்குத்தான், ஆனால் இறக்கும் திறன் பல சார்ஜர்களில் வெறும் 5 வாட். 3எஸ் 5000 பேட்டரியில் சுமார் 2500 எம்ஏஎச் இறக்க 6 மணி நேரம் ஆகும். அவசரமென்றால் பைக்கின் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்து, 3.8 வோல்ட்டில் கத்தும் அலாரத்தை வெள்ளைக் கனெக்டரில் மாட்டிப் பக்கத்திலேயே இருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடியும்.