தொலைந்த பிள்ளை கிடைத்ததும் ஏன் அடி விழுகிறது?

தீபாவளி நெருக்கத்தில் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பணம் எடுக்க ஒரு நொடி விட்ட கையைத் திரும்பப் பிடிக்கப் போனால் பிள்ளையைக் காணோம். அம்மா பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே முன்னும் பின்னும் ஓடுகிறார். சில நிமிடங்களில் பிள்ளை இரண்டு கடை தள்ளி பொம்மைக் கடை வாசலில் நிற்கிறது. ஓடிப்போய் அள்ளி அணைத்த கையோடு முதுகில் ஒன்று வைக்கிறார். "எங்கடா போன? கைய விடாதன்னு எத்தன தடவ சொன்னேன்!" சுற்றி நிற்பவர்கள், "விடும்மா, அதான் கெடச்சிட்டான்ல" என்கிறார்கள்.

கிடைத்துவிட்ட பிறகு எங்கிருந்து வருகிறது அந்தக் கோபம்? அம்மாவின் குணத்தில் அதைத் தேட வேண்டாம். அவர் ரத்தத்தில் ஓடும் சில வேதிப்பொருள்களில் தேடலாம்.

ஆபத்து என்று பட்டதும் முதலில் விழித்துக்கொள்வது மூளையின் உள்ளே இருக்கும் அமிக்டலா. யோசித்து முடிக்கும் வரை அது காத்திருப்பதில்லை. மூளையின் இன்னொரு பகுதியான ஹைப்போதலாமஸ் வழியாக நரம்புகளுக்குச் செய்தி போகிறது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் படபடக்கிறது. குடலுக்கும் தோலுக்கும் போகிற ரத்தம் குறைந்து, கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. அடிவயிறு கலங்குவதும், உள்ளங்கை சில்லிட்டு வியர்ப்பதும், நாக்கு உலர்வதும் இதனால்தான். எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடலைத் தயார்படுத்தும் இந்த ஏற்பாட்டை ஹார்வர்டின் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விவரித்தார்.

புலி துரத்தினால் இது உயிரைக் காக்கும். கூட்டத்தில் பிள்ளையைத் தேட ஓட்டம் மட்டும் போதாது. நிதானமாகப் பார்க்க வேண்டும், நினைவுபடுத்த வேண்டும், முடிவெடுக்க வேண்டும். அந்த வேலைகளைச் செய்யும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் கடும் பதற்றத்தில் தளர்ந்துபோகிறது. அந்நேரம் மூளையில் மிதமிஞ்சிச் சுரக்கும் நார்அட்ரினலின், டோபமின் என்ற வேதிப்பொருள்கள் அங்குள்ள நரம்பு இணைப்புகளை வலுவிழக்கச் செய்கின்றன என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். காலையில் தன் கையால் சட்டை மாட்டிவிட்ட அம்மாவிடம், "என்ன கலர் சட்டைம்மா?" என்று போலீஸ்காரர் கேட்டால் பதில் வராமல் போவது இப்படித்தான். அதை அக்கறையின்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கவனமும் குறுகிவிடுகிறது. கண் ஒரே முகத்தை, அதுவும் தன் கண் மட்டத்தில் தேடுகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் உயரமோ சுமார் 95 சென்டிமீட்டர், பெரியவர்களின் இடுப்பளவுதான். பைகளுக்கும் புடவைகளுக்கும் நடுவே அது நின்றால், இரண்டடி தூரத்தில் இருந்தாலும் தெரியாது.

அந்தச் சில நிமிடங்கள் ஒரு யுகமாக நீள்வதற்கும் காரணம் உண்டு. 2007-இல் வெளியான டேவிட் ஈகிள்மேன் குழுவின் ஆய்வில், 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை வலையில் விழவைத்தார்கள். மற்றவர் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரத்தைச் சராசரியாக 36 சதவீதம் கூடுதலாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது கையில் கட்டியிருந்த கருவியில் வேகமாக மின்னிய எண்களை, வழக்கத்தைவிடக் கூர்மையாக அவர்களால் படிக்க முடியவில்லை. அதாவது அந்த நேரத்தில் உலகம் மெதுவாகத் தெரிவதில்லை. பயத்தில் நினைவுகள் அடர்த்தியாகப் பதிவதால், பிறகு எண்ணிப் பார்க்கும்போது நேரம் நீள்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

சரி, அந்த அடிக்கு வருவோம். பிள்ளை கண்ணில் பட்டதும் மனசுக்கு ஆபத்து முடிந்துவிட்டது. உடலுக்கு முடியவில்லை. ரத்தத்தில் சேர்ந்த அட்ரினலின் குறையச் சில நிமிடங்களாவது ஆகும். பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உச்சத்தைத் தொடுவதே பதற்றம் தொடங்கி 20, 30 நிமிடங்கள் கழித்து. இப்படி மிஞ்சிய கிளர்ச்சி, அடுத்து வரும் உணர்ச்சியில் ஏறிக்கொண்டு அதைப் பெரிதாக்கும் என்று உளவியல் அறிஞர் டால்ஃப் ஜில்மேன் 1970-களில் விளக்கினார். பயப்படக் காரணம் போய்விட்டது, படபடப்பு போகவில்லை. எதிரே நிற்பதோ சொல் பேச்சு கேட்காத பிள்ளை. சாதாரண நாளில் ஒரு முறைப்போடு போயிருக்கும் எரிச்சல், அன்று அடியாக இறங்குகிறது.

அந்தப் பிஞ்சு உடம்பிலும் அதே புயல்தான் அடித்துக்கொண்டிருக்கலாம். 2010-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் குழு, 7 முதல் 12 வயதுச் சிறுமிகளைப் பலர் முன் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற வைத்தது. அதன் பின் அம்மா அணைத்துத் தேற்றியவர்களுக்கும், போனில் அம்மாவின் குரலை மட்டும் கேட்டவர்களுக்கும் பாச உறவோடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடியது, கார்ட்டிசால் சீக்கிரம் தணிந்தது. அதனால் கிடைத்ததும் முதலில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் மூச்சு சீரான அப்புறம் பேசலாம், கண்டிப்பாகவே பேசலாம்.

பதற்றத்தில் மூளை கைவிடும் என்று தெரிந்தால், அதன் வேலையில் கொஞ்சத்தை முன்கூட்டியே முடித்து வைக்கலாம். காணும் பொங்கலன்று மெரினாவில் சென்னை போலீசார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவது அதைத்தான் செய்கிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பிள்ளையை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தால், சட்டை நிறத்தை நினைவிலிருந்து தோண்ட வேண்டியதில்லை. காணாமல் போனால் ஒருவர் அதே இடத்தில் நிற்கட்டும், இன்னொருவர் தேடட்டும். பெயரோடு, "மஞ்சச் சட்டை, மூணு வயசுப் பையன்" என்றும் கத்துங்கள், பதற்றமில்லாத நூறு கண்கள் கீழே குனிந்து பார்க்கும். உடனே கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 112-ஐயோ குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ அழைக்கலாம். இவ்வளவு நேரம் காத்திருந்தால்தான் புகார் வாங்குவார்கள் என்ற விதி எதுவும் இல்லை.