'மோசமான வரவேற்பு' என்று ஒரு வரவேற்பு உண்டா?

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஒன்றில் யாரோ விட்டுப்போன நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தொழில்நுட்பப் பக்கத்தில், கணினி இயங்குதளங்கள் முகம் மாற்றிக்கொண்ட கதையைச் சொல்லும் கட்டுரை. அதில் ஒரு வரி: 'சாளரம் 8 பயனாளிகளிடையே மோசமான வரவேற்பைப் பெற்றது.' நாலு வரி தள்ளி, 'சாளரம் 11 கலவையான வரவேற்பைப் பெற்றது.' கையிலிருந்த தே தாரிக் தேநீர் ஆறிப்போனது. விண்டோஸ் என்ற வணிகப் பெயரைச் சாளரமாக்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்த 'மோசமான வரவேற்பு' மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. திரைப்படச் செய்தியில் வந்தபோது பேசாமல் இருந்தேன். வானொலியில் கேட்டபோதும் பேசாமல் இருந்தேன். இனி முடியாது.

சொற்பிறப்பில் பெரிய புதிர் ஒன்றும் இல்லை. வரவு + ஏற்பு. ஏல் என்பது அடி. ஏற்றான், ஏற்பான், ஏற்பு. வருகிறவரை ஏற்றுக்கொள்வது வரவேற்பு. இந்த இடத்தில் ஆங்கிலத்தில் புழங்கும் சொல், நம்மவர் வரவேற்பு என்று பெயர்க்கும் ரிசெப்ஷன். அது 'எடுத்துக்கொள்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வருகிறது. ரிசீட், ரெசிப்பி எல்லாம் அதன் உடன்பிறப்புகள். (நம் ரசீது அந்தக் குடும்பம் இல்லை. அது பாரசீகத்திலிருந்து வந்தது. 'வந்து சேர்ந்தது' என்று பொருள்.) கிடைத்ததை முகம் மலர்ந்து வாங்கினார்களா, சுளித்துக்கொண்டு வாங்கினார்களா என்று ரிசெப்ஷன் சொல்லாது. முன்னால் நிற்கும் அடைமொழிதான் அதைச் சொல்ல வேண்டும். வரவேற்பு அப்படியில்லை. மலர்ந்த முகம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'திருமண வரவேற்பு மோசம்' என்று நாம் சொல்வதே இல்லையா என்று கேட்கலாம். சொல்கிறோம். செந்தூலில் ஒரு மண்டபம், ஒன்பதாவது மேசைக்கு வருவதற்குள் கோழி வறுவல் தீர்ந்துவிட்டது, வாசலில் 'வாங்க' என்று சொல்ல ஆளில்லை. அப்போது சொல்வோம். ஆனால் அங்கே குறை யாருடையது? அழைத்தவருடையது. வந்தவர் பாவம், மொய் உறையோடு நிற்கிறார். 'முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து' என்று வள்ளுவர் விருந்தோம்பலில் சொன்னதும் வீட்டுக்காரனைப் பார்த்துத்தான்.

இப்போது அந்த நாளிதழ் வரியைத் திரும்பப் படியுங்கள். விண்டோஸ் 8 'மோசமான வரவேற்பைப் பெற்றது' என்றால், தமிழில் அதன் பொருள், பயனர்கள் மரியாதை தெரியாதவர்கள் என்பது! நடந்தது என்ன? 2012 அக்டோபர் 26-ல் வெளிவந்த அந்த இயங்குதளம், 1995 முதல் இடது மூலையில் இருந்த தொடக்கப் பொத்தானை எடுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் விரியும் பட்டியல் போய், திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வண்ண ஓடுகள். விரலால் தொடும் பலகைக் கணினிக்கு அது பொருத்தம். மேசையில் சுட்டியைப் பிடித்துக்கொண்டு கணக்கு எழுதுகிறவருக்கு? கணினியை அணைக்கவே, திரையின் வலது ஓரத்தில் ஒளிந்திருந்த பட்டையை வெளியே இழுத்து, அமைப்புகளுக்குள் நுழைந்து, மின் பொத்தானைத் தேட வேண்டியிருந்தது. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் அப்போது மடிக்கணினி வாங்கிய என் மைத்துனர் மறுநாளே கடைக்குத் திரும்பிப் போய், 'தம்பி, இதை எப்படிப்பா மூடுறது?' என்று கேட்டார். அந்தப் பையன் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அவர் மூன்றாவது ஆளாம். கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பழைய பட்டியலைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினான்.

யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அந்த விருந்தாளியை அழைக்கவில்லை. கடையில் வாங்கிய பெட்டிக்குள் உட்கார்ந்து வந்தது. வந்ததும் வீட்டு வாசற்கதவை இடம் மாற்றிவிட்டது. அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள்மேல் 'மோசமான வரவேற்பு' என்று பழியைப் போட்டால் அது பொருட்குற்றம். ஓராண்டு கழித்து, 2013 அக்டோபர் 17-ல், 8.1 பதிப்பில் பொத்தானைத் திரும்ப வைத்தவர்கள் மைக்ரோசாஃப்ட்காரர்களே. பட்டியல் முழுதாகத் திரும்பியது 2015 ஜூலை 29-ல், விண்டோஸ் 10 வந்தபோது. குறை வீட்டுக்காரருடையது என்றால் விருந்தாளி ஏன் இறங்கி வரவேண்டும்?

நம் ஊரில் இந்தக் கோளாறுக்கு இன்னொரு வழியும் உண்டு. பாதிச் செய்தி ஆங்கிலத்திலிருந்து நேராக வருவதில்லை, மலாய் வழியாக வருகிறது. மலாயில் சம்புத்தான் என்பது வரவேற்புக்கும் கொண்டாட்டத்துக்கும் மறுமொழிக்கும் பொதுச்சொல். 'சம்புத்தான் டிங்கின்' என்று மலாய் அறிக்கையில் இருந்தால் இங்கே ஒருவர் 'குளிர்ந்த வரவேற்பு' என்று தட்டிவிடுகிறார். ஐயா, நாம் வெயில் நாட்டுக்காரர்கள். மனம் குளிரும், கண் குளிரும், வயிறு குளிரும். எல்லாமே நமக்கு நல்லது. குளிர்ந்த வரவேற்பு என்றால் பன்னீர் தெளித்து, மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள் என்றுதான் என் பாட்டி நினைத்திருப்பார். கலவையான வரவேற்பு என்றால் சிமெண்டு நினைவுக்கு வருகிறது, அல்லது பழக்கலவையான ரோஜாக். விண்டோஸ் 11 கதை அதுவா? 2021 அக்டோபர் 5-ல் வந்தபோது முனை மழுங்கிய சன்னல்களின் அழகைச் சிலர் ரசித்தார்கள். பொத்தான் நடுவுக்கு நகர்ந்ததையும், பணிப்பட்டையைப் பக்கவாட்டில் வைக்க முடியாமல் போனதையும் வேறு சிலர் திட்டினார்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். 'சிலருக்குப் பிடித்தது, பலர் முணுமுணுத்தார்கள்' என்று எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

சரி, மாற்றுச் சொல் என்ன? பினாங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எனக்கு மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் தீர்ப்பு உடனே வந்தது. 'வரவை வெட்டிவிடு தம்பி, ஏற்பு போதும். பயனர் ஏற்பு. தூய தமிழ், சுருக்கம், வேறென்ன வேண்டும்?' தூய தமிழ்தான், அதில் சண்டையில்லை. சண்டை பொருளில். ஏற்பு என்றால் ஒப்புக்கொண்டார்கள் என்று பொருள். அழைப்பை ஏற்றேன், பதவி ஏற்றார், ஏற்புரை ஆற்றினார். 'விண்டோஸ் 8-இன் பயனர் ஏற்பு எதிர்மறையாக இருந்தது' என்று எழுதிப் பாருங்கள். ஏற்காததை ஏற்றார்கள் என்று ஆகிறது. தவிர, சைபர்ஜெயாவில் மென்பொருள் செய்கிறவர்களைக் கேட்டால், பயனர் ஏற்புச் சோதனை என்று தனியாக ஒன்று இருப்பதைச் சொல்வார்கள். செய்து முடித்த மென்பொருளை வாங்குகிறவர் ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடும் கட்டம் அது. அங்கே ஏற்பு மிகச் சரியான சொல். அதையே ரிசெப்ஷனுக்கும் கொடுத்தால் இரண்டும் மோதும். இலக்கியத் திறனாய்வில், ஒரு படைப்பை வாசகர்கள் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்பதைக் குறிக்க, வாசக ஏற்பு இருக்கிறதே என்றார் அண்ணன். இருக்கிறது. அங்கேயும் இதே தடுமாற்றம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அவர் விடவில்லை. 'பத்து கோடி உரிமம் ஆறே மாதத்தில் விற்றது என்று 2013 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டே சொன்னதே, அது ஏற்பு இல்லையா?' நல்ல கேள்வி, ஆனால் பதில் எனக்குச் சாதகம். விற்பனை வேறு, விருப்பம் வேறு. கணினி வாங்கினால் அது கூடவே வருகிறது. வீட்டோடு வந்த கரப்பான்பூச்சியை ஏற்றுக்கொண்டதாக யாரும் எழுதுவதில்லை.

அடுத்து எதிர்வினை என்றார். இது ஏற்பைவிடத் தேவலை. ஆனால் ஒருவர் ஒன்றைச் செய்ததும் உடனே எழும் பதில்தான் எதிர்வினை. முதல் நாள் அலறலை அது சொல்லும். ஆறு மாதம் புழங்கிப் பழகியோ பழகாமலோ போனதைச் சொல்லாது. லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதள உலகத்தில் கினோம் 3 என்ற மேசைச் சூழல், அதாவது திரையின் முகப்பு, 2011 ஏப்ரலில் பழைய பட்டிகளைக் களைந்துவிட்டு வந்தபோது, பிடிக்காதவர்கள் முந்தைய பதிப்பின் நிரலை எடுத்து மாத்தே என்று பெயர் வைத்து வளர்க்க ஆரம்பித்தார்கள். தொடங்கியவர் அர்ஜென்டினாக்காரர், பெயர் அந்த ஊர்ப் பானத்துடையது. இதை எதிர்வினை என்றால் போதுமா? அது தனிக்குடித்தனம். துலங்கல் என்றும் ஒரு யோசனை வந்தது. அது நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் தூண்டலோடு கைகோத்து நிற்கட்டும். சூடு பட்டால் கையை இழுப்பது துலங்கல். கணினிக்காரர் இழுப்பது வேறு.

என் வாக்கு எதிர்கொள்ளலுக்கு. பழந்தமிழில் எதிர்கொள்ளுதல் என்றால் எழுந்து போய் விருந்தினரை அழைத்து வருவது. 'தொல்லோர் சிறப்பின் விருந்தெதிர் கோடலும் இழந்த என்னை' என்று கண்ணகி சிலம்பில் வருந்துகிறாள். இன்றைய வழக்கிலோ சிக்கலை எதிர்கொள்கிறோம், வழக்கை எதிர்கொள்கிறோம், தேர்வை எதிர்கொள்கிறோம். ஒரே சொல் விருந்துக்கும் ஆயிற்று, வினைக்கும் ஆயிற்று. நல்லதா கெட்டதா என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாத சொல்தானே நமக்கு வேண்டும்? 'புதிய இயங்குதளத்தைப் பயனர்கள் எதிர்கொண்ட விதம்' என்று தலைப்பு வைத்தால் கீழே எதையும் எழுதலாம். அண்ணன் மூக்கைச் சுருக்கினார், நீளமாம். நீளம்தான். பெயர்ச்சொல்லைப் பெயர்ச்சொல்லாகவே பெயர்க்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? தமிழுக்கு வினையில்தான் உயிர்.

வரவேற்பை நான் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. நல்ல வரவேற்பு, பெரும் வரவேற்பு, வரவேற்பு குறைவு, வரவேற்பே இல்லை: எல்லாம் சரி. அளவு கூடலாம், குறையலாம், இல்லாமலும் போகலாம். குணம் மட்டும் திரியக்கூடாது. அப்படித் திரிகிற இடத்துக்குச் சொற்களா பஞ்சம்? முணுமுணுப்பு, முகச்சுளிப்பு, அங்கலாய்ப்பு, எரிச்சல், புறக்கணிப்பு, எதிர்ப்பு என்று வீடு நிறையக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு கோபம். மொழிபெயர்ப்பாளர் ஒரே அச்சில் எல்லாவற்றையும் ஊற்றுகிறார். பயனாளியும் அந்த அச்சில் வார்த்ததுதான். அரசு உதவித்தொகை பெறுகிறவர் பயனாளி, கணினியைப் பயன்படுத்துகிறவர் பயனர். விண்டோஸ் 8-ஆல் பயனடைந்தவர் யார் என்று என் மைத்துனரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த நாளிதழுக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதி அனுப்பினேன். இளம் துணையாசிரியர் ஒருவர் அழைத்தார், மரியாதையான பிள்ளை. 'சரிங்க ஐயா, புரியுது. ஆனா தலைப்புக்கு மூணு சொல்லுக்கு மேல இடம் கிடையாது, என்ன போடறது?' என்றார். 'விண்டோஸ் 8: பயனர் முணுமுணுப்பு' என்றேன். எண்ணையும் சேர்த்தால் நாலு ஆகிறதே என்று இழுத்தார்.