தால் ஏன் குதிரையைக் கொடுத்தார்?

‘மிகயீல் தாலின் ஆட்டங்களை இப்போதுள்ள செஸ் இன்ஜினில் (சதுரங்கம் ஆடும் கணினி நிரலில்) போட்டுப் பார்த்தேன். அவர் செய்த காய் தியாகங்களில் பலவற்றைத் தப்பு என்று காட்டுகிறது. தப்பான நகர்வை ஆடி ஜெயித்தவரை ஏன் மேதை என்கிறோம்? எதிராளிகள் சொதப்பினார்கள், அவ்வளவுதானே?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. ஆனால் எதிராளிகள் ஏன் சொதப்பினார்கள்? அவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. அந்தக் காலத்தில் உலகின் முதல் பத்துப் பதினைந்து இடங்களில் இருந்தவர்கள். மற்றவர்களிடம் மாதக்கணக்கில் பிசகாமல் ஆடியவர்கள் இந்த ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்ததும் ஒருவர் பின் ஒருவராகத் தடுமாறினார்கள். அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணம் மனித மூளை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அதனால்தான் தாலைப் பற்றி எழுதுவது எனக்கு அறிவியல் எழுதுவது போலவே இருக்கிறது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1936இல் லாத்வியாவின் ரீகா நகரில் பிறந்தவர். 1957, 1958 இரண்டு ஆண்டுகளிலும் சோவியத் சாம்பியன். 1960இல் மாஸ்கோவில் மிகயீல் போத்வின்னிக்கை 12½–8½ என்று தோற்கடித்து, 23 வயதில் உலக சாம்பியன் ஆனார். வலது கையில் பிறவியிலேயே மூன்று விரல்கள்தான். வாழ்நாள் முழுக்கச் சிறுநீரகக் கோளாறு. ‘ரீகாவின் மந்திரவாதி’ என்பது பட்டப்பெயர்.

அந்தப் பட்டப்பெயரைச் சிலர் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டார்கள். நகர்வை ஆடி முடித்ததும் தால் எதிராளியை உற்றுப் பார்ப்பார். பார்வையாலேயே வசியம் செய்கிறார் என்று ஒரு பேச்சு பரவியது. உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் 1959 கேண்டிடேட்ஸ் போட்டியில் பால் பென்கோ அவருக்கு எதிராகக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டே ஆடினார். பென்கோ எளிய ஆள் இல்லை, கிராண்ட்மாஸ்டர். தர்க்கத்தையே தொழிலாகக் கொண்டவருக்கும், புரியாத ஒன்று திரும்பத் திரும்ப நடக்கும்போது கை தானாகவே மந்திரத்தைத் தேடிப் போகிறது. மூடநம்பிக்கை படிக்காதவர்களின் சொத்து என்று நாம் நினைப்பது பெரிய தவறு. விளக்கம் இல்லாத இடத்தில் அது முளைக்கிறது. படிப்பு அதைத் தடுப்பதில்லை, விளக்கம் மட்டும்தான் தடுக்கிறது.

சரி, விளக்கத்துக்கு வருவோம். சதுரங்கத்தின் நடு ஆட்டத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் சாத்தியம். ஒவ்வொன்றுக்கும் எதிராளியிடம் 35 பதில்கள். இப்படிக் கிளை பிரிந்துகொண்டே போனால் மூன்று நகர்வும் மூன்று பதிலும் சேர்ந்து 183 கோடியைத் தாண்டிவிடும். 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ என்ற கணினி விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. மனிதர் விநாடிக்கு ஒன்றைப் பார்த்தாலே பெரிது. அப்படியென்றால் ஐந்தாறு நகர்வு தூரத்தில் இருக்கும் செக்மேட்டை ஒரு மனிதர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

பலகை இருந்தால் எடுத்து வையுங்கள். வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்; இரண்டும் சேர்ந்தது கட்டத்தின் பெயர். கறுப்பு ராஜா ஜி8 கட்டத்தில். அதன் முன்னால் ஜி7, ஹெச்7 இரண்டிலும் கறுப்புச் சிப்பாய்கள். எஃப் வரிசைச் சிப்பாய் ஏற்கெனவே போய்விட்டது. கறுப்பு யானை ஏ8 மூலையில், கறுப்பு ராணி பி2வில். வெள்ளையிடம் ஜி5இல் ஒரு குதிரை, அதோடு ஒரு ராணி. வெள்ளை ராஜா தன் மூலையில் பத்திரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வெள்ளை ராணி சி4க்கு வந்து குறுக்குக் கோட்டில் செக் வைக்கிறது.

ராஜாவுக்கு இரண்டே வழி. எஃப்8க்கு ஓடினால் ராணி எஃப்7இல் வந்து உட்காரும், பின்னால் குதிரை காவல், அங்கேயே மேட். அதனால் ஹெச்8 மூலைக்குப் போகிறது. குதிரை எஃப்7க்குத் தாவிச் செக். ராஜா மறுபடி ஜி8, வேறு இடமே இல்லை. இப்போது குதிரை எஃப்7இலிருந்து ஹெச்6க்குத் தாவுகிறது. அது விலகியதும் சி4 ராணியின் குறுக்குக் கோடு திறந்துகொள்கிறது. ராணியும் செக், குதிரையும் செக். இந்த இரட்டைச் செக்கைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். ஜி7 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்ட முடியும். ஆனால் வெட்டினால் ராணியின் செக் அப்படியே நிற்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் செக் சொன்னால் தடுப்பதும் வெட்டுவதும் செல்லாது. ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். எஃப்8 போனால் மறுபடி எஃப்7இல் ராணி, மேட். எனவே ஹெச்8.

அடுத்ததுதான் அழகு. வெள்ளை ராணி நேராக ஜி8க்குப் போய், ராஜாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து செக் சொல்கிறது. ஹெச்6 குதிரை காவல் இருப்பதால் ராஜா அதை வெட்ட முடியாது. யானைதான் வெட்ட வேண்டும். ஏ8இலிருந்து ஓடி வந்து வெட்டுகிறது. பலகையின் மிகப் பெரிய காய் போய்விட்டது. குதிரை அமைதியாக எஃப்7க்குத் திரும்பி வந்து செக் சொல்கிறது. ராஜாவின் ஜி8இல் சொந்த யானை, ஜி7இலும் ஹெச்7இலும் சொந்தச் சிப்பாய்கள். மூச்சு விட இடமில்லை. மேட்.

‘மூச்சுமுட்டும் மேட்’ என்று இதற்குப் பெயர். இது புதிய தந்திரம் அல்ல. 1497இல் ஸ்பெயினில் லூசேனா அச்சிட்ட சதுரங்க நூலிலேயே இருக்கிறது. நான் பலகையில் இதை எத்தனை முறை ஆடிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த ராணி ஜி8இல் போய் உட்காரும்போது ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது.

வெள்ளைக்கு ஐந்து நகர்வு, கறுப்புக்கு நான்கு. எல்லாக் கிளைகளையும் எண்ணினால் 35ஐ ஒன்பது முறை பெருக்க வேண்டும்: 78 லட்சம் கோடிக்கு மேல். ஆனால் நாம் பார்த்தது மூன்றே பாதை. மீதி எங்கே போயிற்று? கறுப்பின் கிளைகளைச் செக் வெட்டிவிட்டது. செக் வந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும், 35 பதில்கள் ஒன்றாகவோ இரண்டாகவோ சுருங்கிவிடும். வெள்ளையின் கிளைகளை வெட்டியது நினைவு. இந்த வடிவத்தை முன்பே பார்த்தவருக்கு மற்ற 34 நகர்வுகள் கண்ணிலேயே படாது.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று பள்ளியில் ஆடும்போதே சொல்லித் தருவார்கள். அது சராசரி விலை மட்டுமே. ராணியை வெட்டிய அந்த யானை, 9 மதிப்பெண் சம்பாதித்த அதே நொடியில் தன் ராஜாவுக்குச் சுவராக மாறியது. மூலையில் தூங்கும் யானை சண்டை நடக்கும் பக்கத்துக்கு வர மூன்று நகர்வு ஆகுமென்றால், அந்த மூன்று நகர்வு வரைக்கும் அதன் விலை பூஜ்யம். தால் எண்ணியது மொத்தக் காய்களை அல்ல. ராஜாவைச் சுற்றி இந்த நொடியில் யாருக்கு எத்தனை பேர் என்பதை.

அந்த ‘கண்ணில் படுதல்’ பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1930களின் இறுதியில் அலேகின், ஐவே, கெரெஸ் போன்ற முன்னணி ஆட்டக்காரர்கள் முன் ஒரு நிலையை வைத்து, வாய்விட்டு யோசிக்கச் சொன்னார். மேதைகள் மற்றவர்களைவிட மிக ஆழமாகக் கணக்கிடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. ஆழத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. மேதைகள் சரியான நகர்வுகளை மட்டும் யோசிக்க எடுத்துக்கொண்டார்கள்.

1973இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் இதை மேலும் கூர்மையாக்கினார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த நிலையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்தால், மாஸ்டர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாகத் திருப்பி வைத்தார், புதியவர் 4. அதே காய்களைக் கண்டபடி கலைத்துப் போட்டுக் காட்டினால் மாஸ்டரின் மேன்மை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவருக்கு நினைவாற்றல் அதிகம் இல்லை. நாம் எழுத்துக் கூட்டாமல் சொல்லைப் படிப்பதுபோல அவர் காய்க்கூட்டங்களைப் படிக்கிறார். இப்படிப் பல்லாயிரம் ‘சொற்கள்’ அவரிடம் இருக்கின்றன.

அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டவை இரண்டு சதுரங்கப் பலகைகள், ஒரு கேமரா, மூன்று ஆட்டக்காரர்கள். திறமை என்றால் என்ன என்ற நம் எண்ணத்தையே அது மாற்றியது. ‘இதனால் என்ன பயன்?’ என்று முதல் வரியிலேயே கேட்கும் நிதிக் குழுக்கள் இத்தகைய ஆய்வை வளர விடுவதில்லை. ஆட்டம் ஆடுபவர்களைப் பார்ப்பதற்குப் பணமா என்று கேட்டிருந்தால் இந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்காது. சிறிய தொகைகளை, விடை தெரியாத கேள்விகளுக்கு, நம்பிக்கையோடு கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இந்த அறிவுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 2008இல் பிலாலிச், மக்லியாட், கோபே ஆகியோர் நல்ல ஆட்டக்காரர்களிடம் ஒரு நிலையைக் கொடுத்தார்கள். அதில் நாம் மேலே பார்த்த அதே மூச்சுமுட்டும் மேட் இருந்தது. கூடவே அதைவிடக் குறுகிய, ஆனால் பழக்கமில்லாத ஒரு மேட்டும் இருந்தது. பலர் பழைய மேட்டைக் கண்டுபிடித்ததும் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். ‘வேறு வழி தேடுகிறேன்’ என்று சொன்னார்கள். மனதறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கண் எங்கே பார்க்கிறது என்பதைக் கருவி பதிவு செய்துகொண்டிருந்தது. கண்கள் திரும்பத் திரும்பப் பழைய மேட்டின் கட்டங்களுக்கே போய்க்கொண்டிருந்தன. தெரிந்த விடை, தெரியாத விடையை மறைத்துவிட்டது. ஆட்டத் தரம் உயர உயர இந்தச் சிக்கல் குறைந்தது என்பதும் இவர்களுடைய ஆய்வுகளில் தெரிந்தது.

இப்போது தாலிடம் திரும்புவோம். 1960 உலகப் போட்டியின் ஆறாவது ஆட்டம். தாலுக்குக் கறுப்புக் காய்கள். 21ஆவது நகர்வில் தன் குதிரையை எஃப்4இல் கொண்டுபோய் வைத்தார். ஜி3 வெள்ளைச் சிப்பாய் அதைச் சும்மா வெட்டிக்கொள்ளலாம். செக் இல்லை, நேரடியான மேட் மிரட்டலும் இல்லை. வெட்டினால் கறுப்பு ஈ5 சிப்பாய் எஃப்4க்கு வந்து திருப்பி வெட்டும், வெள்ளை பிஷப்பைத் தாக்கும். ஈ5 காலியானதால் ஜி7இல் அடைபட்டிருந்த கறுப்பு பிஷப்புக்கு நீண்ட குறுக்குக் கோட்டில் வழி திறக்கும். இவ்வளவுதான் கையில் கிடைப்பது. அரங்கில் எழுந்த இரைச்சலில் ஆட்டத்தைப் பார்வையாளர் இல்லாத உள் அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

மூச்சுமுட்டும் மேட்டில் தியாகம் மரத்தின் கிளைகளை வெட்டியது. இங்கே தால் செய்தது அதற்கு நேர்மாறு: ஒரு குதிரையை விலையாகக் கொடுத்து எதிராளியின் மரத்தில் கிளைகளைப் பெருக்கினார். போத்வின்னிக் அமைப்பின் அரசர். எந்த நிலையிலும் பழகிய காய்க்கூட்டங்களை அடையாளம் கண்டு திட்டம் போடுபவர். குதிரை எஃப்4இல் இறங்கியதும் அந்தக் கூட்டங்கள் எல்லாம் கலைந்தன. ‘சொற்களை’ இழந்தவர் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு கிளையாகக் கணக்கிட வேண்டும். பக்கத்தில் கடிகாரம் ஓடுகிறது. 40 நகர்வுகளுக்கு இரண்டரை மணி நேரம். தாலுக்கோ, கோடுகள் திறந்து காய்கள் ராஜாவை நோக்கிப் பாயும் நிலைகள்தான் தாய்மொழி. அவரும் எல்லாவற்றையும் கணக்கிடவில்லை, கணக்கிட முடியாது. ஆனால் அந்த இருட்டுக்குள் எந்தப் பக்கம் கை நீட்டலாம் என்று அவருக்குத் தெரியும்.

பின்னால் நிதானமாக ஆராய்ந்தவர்கள், 25ஆவது நகர்வில் போத்வின்னிக்குக்கு ஒரு நல்ல தற்காப்பு இருந்தது என்று காட்டினார்கள். இன்ஜின் அதை உடனே காட்டிவிடும். போத்வின்னிக்கால் அதைப் பலகையில் கண்டுபிடிக்க முடியவில்லை. தால் ஜெயித்தார்.

ஆகவே வாசகருக்கு என் பதில் இது: இன்ஜின், எதிராளியும் இன்ஜின் என்று வைத்துக்கொண்டு மதிப்பெண் போடுகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்து களைத்த மனிதர், எதிர்பாராத நிலையில், கடிகாரத்தைப் பார்த்தபடி எந்தப் பதிலைக் கண்டுபிடிப்பார் என்பது அதன் கணக்கில் வராது. தாலின் கணக்கில் அது முதல் இலக்கம்.

இதற்கு மாற்று மருந்தும் உண்டு. அதைக் கண்டுபிடித்தவரும் போத்வின்னிக்தான். 1961 மறுபோட்டியில் ராணிகளைச் சீக்கிரமாகப் பலகையிலிருந்து இறக்கிவிடும், கோடுகள் மூடிய நிலைகளுக்கு ஆட்டத்தை இழுத்துப் போனார். கிளைகள் குறைந்தன, 13–8 என்று பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தாலின் உடல்நிலையும் அப்போது மோசமாக இருந்தது. சிகிச்சை முடியும்வரை போட்டியைத் தள்ளிவைத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

2017இல் ஆல்ஃபாஸீரோ என்ற நிரல் வந்தபோது இந்த விவாதம் புதிதாகக் கிளம்பியது. தனக்குத்தானே ஆடி ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது அது. விநாடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்த ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினை, 80,000 நிலைகளை மட்டும் பார்த்து வென்றது. குறைவாகப் பார்த்தது, ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்த்தது. சிப்பாய்களையும் காய்களையும் தயங்காமல் கொடுத்து, எதிராளியின் காய்களை மூலையில் முடக்கி வைத்தது. அந்த ஆட்டங்களைப் பார்த்தபோது பலருக்கும் தால் நினைவு வந்தது, எனக்கும் வந்தது.

மணிக்கணக்கில் யோசிக்க இடமே இல்லாத ஆட்டம் பிளிட்ஸ். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம். அங்கே கணக்கிடுவதற்கு நேரம் கிடையாது, கண்தான் ஆடுகிறது. 1988இல் கனடாவின் செயின்ட் ஜானில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் காஸ்பரோவும் முன்னாள் உலக சாம்பியன் கார்ப்போவும் ஆடினார்கள்; 51 வயது தால் சாம்பியன் ஆனார். 1992 மே மாதம், மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்து மாஸ்கோவில் ஒரு பிளிட்ஸ் போட்டி ஆடினார். அதில் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தார். அடுத்த மாதம், ஜூன் 28 அன்று, இறந்தார்.