சியாங் மாயில் தெரிவது பனிமூட்டம் அல்ல

அந்தப் பெரியவர் கைபேசியை என் மேசைமேல் வைத்து, படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். டோய் சுதேப் கோயிலின் மேல்தளம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி பேத்தி இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் தாய்லாந்தின் சியாங் மாய் நகரம் முழுவதும் விரிந்து கிடக்க வேண்டும். நல்ல நாளில் விமான நிலையத்தின் ஓடுபாதைகூட அங்கிருந்து தெரியும். படத்தில் எதுவும் இல்லை. துவைக்காத வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டதுபோல ஒரு பழுப்பு நிறம் மட்டும்.

"பாருங்கள் டாக்டர்... என்ன அழகான... பனிமூட்டம்" என்றார். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினார். பக்கத்தில் நின்ற மகன், "ஊர் திரும்பியதிலிருந்து இப்படித்தான் சார். ஹோட்டல் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்றார். விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் 89 சதவீதம்தான் என்றது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரண்டு பக்கமும் விசில்.

படம் எடுத்தது மார்ச் கடைசி வாரம், பகல் 11 மணி. அந்த வெயிலில் பனி எங்கிருந்து வரும் ஐயா? அது புகை. நீங்கள் நான்கு நாள் குடும்பத்தோடு அதைச் சுவாசித்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இந்தக் கோடையில் சியாங் மாய் போய்வந்து என் அறையில் வந்து உட்கார்ந்த நான்காவது குடும்பம் இது. (ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கோவையில் நுரையீரல் மருத்துவம் பார்க்கும் நான் சுற்றுலாவைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பேக்கேஜ் போட்டுக் கொடுத்தவர் சொல்லவில்லை, பயண வீடியோ எடுத்தவர் சொல்லவில்லை. கடைசியில் நெபுலைசரைப் போட்டுவிட்டு நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நால்வரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "மலை ஊர்தானே சார், ஊட்டி மாதிரி நல்ல காற்று என்று நினைத்தோம்."

இந்த ஊட்டி நினைப்பைத்தான் முதலில் உடைக்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கோவை 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சியாங் மாய் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதாவது கோவையைவிடத் தாழ்வு. படத்தில் நீங்கள் பார்க்கும் மலைகள் ஊரைச் சுற்றி நிற்பவை. ஊர் அவற்றின் நடுவே, பிங் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருக்கிறது. மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர் வேறு, மலைமேல் இருக்கும் ஊர் வேறு. மேட்டுப்பாளையத்தில் அறை எடுத்துக்கொண்டு குளிருக்கு ஸ்வெட்டர் தேடுவோமா? ஏப்ரலில் சியாங் மாயின் பகல் வெப்பம் 36, 37 டிகிரி என்பது சாதாரணம். 40-ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. குளிரும் இல்லை, காற்றும் இல்லை. சுற்றி மலை இருப்பதால்தான் புகை வெளியே போகாமல் தங்குகிறது. மூடி போட்ட இட்லிப் பானைக்குள் ஊதுபத்தி கொளுத்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. மலை இருந்தால் காற்று சுத்தம் என்ற கணக்கு இங்கே தலைகீழ். இதை நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காகிதத்தில் படம் வரைந்து விளக்கிவிட்டேன். இனி வரைய என்னிடம் பொறுமை இல்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

புகை எங்கிருந்து வருகிறது? பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வட தாய்லாந்து எரிகிறது. இலை உதிர்ந்து காய்ந்த காடுகள், கால்நடைத் தீவனத்துக்காகப் பயிரிடும் மக்காச்சோளத்தின் தட்டைகள், இவற்றோடு எல்லை தாண்டி மியான்மரின் ஷான் மாநிலத்திலிருந்தும் லாவோஸிலிருந்தும் வரும் புகை. தீ எரிந்த தரையில் மழைக்குப் பின் முளைக்கும் ஒரு வகைக் காளானுக்கு அங்கே நல்ல விலை உண்டு. அதற்காகவும் காட்டுக்குத் தீ வைக்கிறார்கள் என்ற பழைய குற்றச்சாட்டும் இருக்கிறது. மார்ச் மாதத்தில் உச்சம். உலகின் மிக மோசமான காற்றுள்ள பெருநகரங்களின் அன்றாடப் பட்டியலில் டெல்லி, லாகூரைத் தாண்டிச் சியாங் மாய் முதலிடத்துக்கு வந்த நாட்கள் மார்ச், ஏப்ரலில் பலமுறை உண்டு. நல்ல மழை இறங்கினால்தான் விடும். மே மாதம் வரை அதை நம்ப முடியாது.

அந்த நுண்துகள் நுரையீரலுக்குள் போய் என்ன செய்யும் என்று நான் விளக்கப்போவதில்லை. அடுப்பங்கரையில் மிளகாய் தாளிக்கும்போது இளைப்பு நோயாளி என்ன ஆவார் என்று எல்லா வீட்டிலும் தெரியும்.

செயலியில் பார்த்துவிட்டுத்தான் போனோம் என்றது ஒரு குடும்பம். நல்ல பழக்கம். ஆனால் எந்த அளவுகோலில் பார்த்தீர்கள்? காற்றில் ஒரு கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராம் பிஎம் 2.5 (அந்த நுண்துகளின் பெயர்தான்) இருந்தால், அமெரிக்க அளவுகோலில் குறியீடு ஏறத்தாழ 150 காட்டும். அதே காற்றுக்கு நம் இந்திய அளவுகோல் 92 அளவில் காட்டி, 'திருப்திகரம்' என்று சான்றிதழும் கொடுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 15. தாய்லாந்து அரசின் வரம்பு 37.5. நம்முடையது 60. ஆகவே வண்ணத்தையும் குறியீட்டையும் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள், பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். கிளம்பும் நாளன்று மட்டும் பார்த்தும் பயனில்லை. சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் அதே வாரத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால்.

அடுத்தது ஏசி. "ஏசி அறையில்தான் சார் இருந்தோம்." சுவரில் மாட்டிய ஏசி, அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிரவைக்கிறது. அதன் வலை தூசியைப் பிடிக்கும், புகையின் நுண்துகளைப் பிடிக்காது. அதற்கு ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும். சியாங் மாயில் பல ஹோட்டல்களில் கேட்டால் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் தொல்லை. நாம்தான் கேட்பதில்லை. காலை உணவில் இட்லி உண்டா என்று மூன்று முறை கேட்கிறோம்.

முகக்கவசம் போட்டிருந்தோம் என்பவர்களுக்கு: நீல நிற அறுவைக்கூட முகக்கவசம் பக்கவாட்டில் திறந்து கிடக்கிறது. ஈரக் கைக்குட்டை ஒன்றுக்கும் உதவாது. என்95 வேண்டும், அதுவும் மூக்கின்மேல் அழுத்தி, ஓரங்களில் காற்று கசியாமல். தாடிக்கு மேல் போட்டால் அதுவும் வீண். வெயிலில் அதை மாட்டிக்கொண்டு டோய் சுதேப்பின் 300-க்கும் மேற்பட்ட நாகப் படிகளை ஏறுவது 65 வயதுக்காரருக்கு எவ்வளவு சுகமாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். (படி ஏற முடியாதவர்களுக்கு அங்கே இழுவை ரயில்பெட்டி இருக்கிறது. பெரியவர் அதில் ஏறவில்லை. கோயில் என்றால் நடந்துதான் ஏறுவாராம்.)

நான் போகவே வேண்டாம் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு ஜனவரியில் நானே போயிருக்கிறேன். 1296-இல் மங்ராய் மன்னன் கட்டிய ஊர். செங்கல் மதிலின் மிச்சமும் சதுர அகழியும் இன்னும் இருக்கின்றன. அகழிக்குள் இருக்கும் பழைய நகரை ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். வாட் செடி லுவாங்கில் 1545 நிலநடுக்கத்தில் தலை இழந்த பெரிய தூபியின் எதிரே, மாலை வெயிலில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதை எப்படிப் புகையில் பார்ப்பீர்கள்?

போக வேண்டிய மாதங்கள் நவம்பர், டிசம்பர், ஜனவரி. பிப்ரவரி தொடக்கம் சில ஆண்டுகளில் பரவாயில்லை, சில ஆண்டுகளில் அதற்குள்ளேயே மூட்டம் தொடங்கிவிடும். நம் ஊர் குடும்பங்கள் மார்ச், ஏப்ரலில் போவதற்குக் காரணம் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை. அது எனக்குப் புரிகிறது. ஆனால் அரையாண்டு விடுமுறை என்று ஒன்று டிசம்பர் கடைசியில் இருக்கிறதே! பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்தால் நான்கைந்து நாள் பயணம் தாராளமாக நடக்கும். அறை வாடகை கூடுதல் என்பது உண்மை. நீங்கள் மிச்சம் பிடித்த பணம் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை மணி நேரத்துக்குக் காணும் என்று ரசீதைப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

சித்திரை முதல் நாளை அங்கே கொண்டாடலாம் என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான், நம் புத்தாண்டை ஒட்டியே வரும். ஊரே அகழித் தண்ணீரை வாரி இறைத்துக் கொண்டாடும். இளைஞர்களுக்கு நல்ல வேடிக்கை. புகை அடங்காத ஆண்டில், நாள் முழுக்க நனைந்த உடம்போடு நிற்கும் இளைப்புக்காரக் குழந்தைக்கு அல்ல.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பணம் திரும்பாது என்கிறீர்களா? தேதியை மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். பாங்காக்கில் இறங்கி வடக்கே திரும்புவதற்குப் பதிலாகத் தெற்கே கடற்கரைப் பக்கம் போங்கள். அதுவும் முடியாதென்றால் இளைப்பு, நாட்பட்ட மூச்சடைப்பு, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டு மற்றவர்கள் போங்கள். இதைச் சொன்னால் என்னிடம் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

எந்த மாதம் போனாலும் சில விஷயங்கள். இன்ஹேலர் கைப்பையில் இருக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் அல்ல. அவசரத்துக்கு இழுப்பது, தினமும் இழுக்கும் தடுப்பு மருந்து இரண்டுமே. குலுக்கிப் பார்த்து மருந்து இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். மருந்து தீர்ந்த பிறகும் வாயு வரும். எண் காட்டும் இன்ஹேலராக இருந்தால் எண்ணைப் பாருங்கள். "வெளிநாட்டில் எதற்கு, நாலு நாள்தானே" என்று தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டுப் போவது நம்மவர்களின் பழக்கம். பெரியவரும் அதைத்தான் செய்திருந்தார். மருந்தின் மூலப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டு ஒன்றை உங்கள் மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கோடீன் கலந்த இருமல் சிரப்பை எடுத்துப் போகாதீர்கள். தாய்லாந்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட போதைமருந்துப் பட்டியலில் இருக்கிறது. பயணக் காப்பீட்டுப் படிவத்தில் இளைப்பு இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் ஏறுமே என்று மறைத்தால், ஆஸ்பத்திரிச் செலவை முழுதாகக் கையிலிருந்து கட்ட நேரும்.

ஊருக்குள் ஓடும் சிவப்புப் பகிர்வு வண்டிகள் பின்பக்கம் திறந்தவை. படம் எடுக்க நன்றாக இருக்கும். வயதானவர்களுக்கு மூடிய கார் பிடியுங்கள். நான்கு நாளில் சியாங் ராய், பாய் என்ற ஊர்களையும் சேர்த்து அடைக்காதீர்கள். சியாங் ராய் வெள்ளைக் கோயிலுக்கு ஒரு வழிக்கே சாலையில் 3 மணி நேரம். பாய் போகும் பாதையில் 762 வளைவுகள் என்று சட்டையில் அச்சடித்தே விற்கிறார்கள். வாந்தி என் துறை அல்ல, அதனால் இத்தோடு விடுகிறேன்.

பெரியவர் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். போன வாரம் மறுபரிசோதனைக்கு வந்தபோது ஆக்சிஜன் 96, பேச்சும் கோர்வையாக வந்தது. மகன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்: டிசம்பருக்குப் புதிய பயணத் திட்டம். பேத்திக்கு நகரம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டுமாம். முதல் இரண்டு நாள் சரியாக இருந்தது. மூன்றாம் நாள், 'அதிகாலை 4 மணி, டோய் இந்தனான் சூரிய உதயம், திறந்த வண்டியில் பயணம்' என்று இருந்தது. தாய்லாந்தின் மிக உயரமான சிகரம், 2,565 மீட்டர். டிசம்பர் விடியலில் அங்கே புல்லில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. குளிர்க்காற்று நேராக முகத்தில் அடித்தால் இந்த நெஞ்சு மறுபடி இறுகும். பேனாவை எடுத்து 4 மணியை அடித்து 9 என்று எழுதினேன். திறந்த வண்டியையும் அடித்தேன்.

"சூரிய உதயம்?" என்றார் பெரியவர்.

"ஹோட்டல் ஜன்னலிலிருந்து" என்றேன்.