மோதலில் தொடங்கும் காதல் கதைகளும் ஆலோசனை அறையும்

உளவியல் ஆலோசனைக்கு வருகிறவர்கள் தங்கள் உறவைப் பற்றிச் சொல்லும்போது, நடுவில் ஒரு காதல் நாவலைக் குறிப்பிடுவது இப்போது அடிக்கடி நடக்கிறது. "அந்தக் கதையில வர்ற ஹீரோ மாதிரிதான் இவரும். வெளியே முரடு, உள்ளே அவ்வளவு பாசம்" என்பார்கள். பாசத்தை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வரச் சற்று நேரமாகும்.

முதலில் பகையாக மோதிக்கொண்டு பிறகு காதலர்களாகும் எனிமீஸ் டு லவ்வர்ஸ் கதைகள் எனக்கும் பிடிக்கும். ஆகவே படிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கதைகள் நம்மை எப்படி இழுக்கின்றன என்று தெரிந்துகொண்டால், வீட்டில் நடப்பதை அவற்றோடு குழப்பிக்கொள்ள மாட்டோம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஈர்ப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். வழக்கமான காதலில் இருவரும் தங்கள் நல்ல முகத்தைத்தான் முதலில் காட்டுகிறார்கள். மோதலில் தொடங்கும் கதையில் எல்லாம் தலைகீழ். கோபம், பொறாமை, அகங்காரம் எல்லாம் முதல் அத்தியாயத்திலேயே வெளியே வந்துவிடுகின்றன. என் மோசமான பக்கத்தை முழுசாகப் பார்த்த ஒருவர், பார்த்த பிறகும் என்னைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைவிடப் பெரிய ஆறுதல் மனிதருக்குக் கிடைப்பது அரிது. அந்த ஏக்கத்தில் தவறே இல்லை.

ஆனால் வாசகருக்கு இரண்டு பாதுகாப்புகள் இருக்கின்றன. ஒன்று, முடிவு. ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு, காதல் நாவலுக்கு இரண்டே இலக்கணம் சொல்கிறது: கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். ஆக, நாயகன் பத்தாவது அத்தியாயத்தில் எவ்வளவு கொடூரமாகப் பேசினாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று படிப்பவருக்குத் தெரியும். இன்னொன்று, அவன் மனசு. இப்போதைய நாவல்களில் ஓர் அத்தியாயம் அவள் பார்வையிலும் அடுத்தது அவன் பார்வையிலும் வருவது சகஜம். அவளை எல்லோர் முன்னிலையிலும் மட்டம் தட்டிவிட்டு, அறைக்குப் போய் அவன் தவிப்பதை நாம் படிக்கிறோம். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும்.

வாழ்க்கையில் அவன் பார்வை அத்தியாயம் யாருக்கும் கிடைப்பதில்லை. என்னிடம் வருகிறவர்கள் பலர் அதைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். "அவர் கத்தியது பயத்தினால", "பேசாம இருந்தது என்னை இழந்துடுவோமோன்னு." இருக்கலாம். ஆனால் அந்த வரிகளை எழுதியது அவர் அல்ல, நீங்கள்.

இதில் உடலும் தன் பங்குக்குக் குழப்புகிறது. 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஏரன் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆழமான பள்ளத்தாக்கின் மேலே ஆடுகிற கேபிலானோ தொங்குபாலத்தில் வந்த ஆண்களிடம் ஒரு இளம்பெண் சில கேள்விகள் கேட்டு, தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். தாழ்வான, உறுதியான இன்னொரு பாலத்திலும் இதையே செய்தார்கள். ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். உறுதியான பாலத்தில் வாங்கிய 16 பேரில் 2 பேர்தான். பயத்தில் ஏற்பட்ட படபடப்பு ஈர்ப்பாக மாறித் தெரிந்திருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். சிறிய சோதனைதான், அதன் மீது விமர்சனங்களும் உண்டு. இருந்தாலும் சண்டை போடும் நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வதைக் "கெமிஸ்ட்ரி" என்று சொல்பவர்களிடம் இதை நான் கட்டாயம் சொல்வேன். நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது என்று நெஞ்சுக்குத் தெரியாது.

அதே டட்டன், சூசன் பெயின்ட்டர் என்பவரோடு சேர்ந்து, 1981-இல் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: அடிக்கிற துணையோடு ஏன் இவ்வளவு இறுக்கமான பற்று உண்டாகிறது? அவர்கள் சுட்டியது இரண்டு நிலைமைகளை. ஒருவர் கையில் அதிகாரம் குவிந்திருப்பது ஒன்று. கொடுமைக்கு நடுவே விட்டுவிட்டு அன்பு வருவது மற்றொன்று. எப்போதுமே மோசமாக நடப்பவரை விட்டு விலகுவது ஓரளவு எளிது. மூன்று நாள் முகம் பார்க்காமல் இருந்துவிட்டு நான்காம் நாள் மடியில் தலைவைத்து அழுகிறவரை விடுவதுதான் கடினம். 1993-இல் இருவரும், இப்படிப்பட்ட உறவிலிருந்து வெளியேறிய 75 பெண்களை ஆராய்ந்தபோது, ஆறு மாதம் கழித்தும் அந்தப் பற்று குறைந்திருந்ததே தவிர அற்றுப்போயிருக்கவில்லை. "இவ்வளவு நடந்தும் அவரை நினைக்கிறேனே, அப்போ இது உண்மைக் காதல்தானே?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: நினைப்பு விடாமல் வருவது அந்தக் கொடுமையின் விளைவாகவே இருக்கலாம். அதை அன்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, எல்லா மோதலும் ஒன்றா? நிச்சயமாக இல்லை. ஒரே பதவிக்குப் போட்டியிடும் இருவர், குடும்பப் பகையால் விலகி நிற்கும் இருவர், தவறான புரிதலில் முறைத்துக்கொள்ளும் இருவர் என்று வரும் கதைகளில் பெரும்பாலும் இருவருக்கும் சம பலம் இருக்கிறது. இருவரும் வாய் திறக்கலாம், எழுந்து போகலாம். துன்புறுத்துகிறவன், கடத்திவைப்பவன் நாயகனாக வரும் டார்க் ரொமான்ஸ் வேறு ரகம். அதைப் படிக்கிறவர்கள் அப்படிப்பட்ட வாழ்க்கையை விரும்புகிறார்கள் என்று நினைப்பது அநியாயம். புத்தகத்தை எந்த நொடியும் மூடிவிடலாம் என்பதால்தான் அங்கே பயத்தைக்கூட ரசிக்க முடிகிறது. பல எழுத்தாளர்கள் முன்பக்கத்திலேயே எச்சரிக்கையும் போடுகிறார்கள்.

உறவில் நான் கவனிக்கச் சொல்வது ஏளனத்தை. தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், உறவு முறிவதை முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களில் அதைத்தான் முதலில் வைக்கிறார். கோபத்தில் கத்துகிறவர்கூட நம்மைச் சமமாக நினைத்திருக்கலாம். உதட்டைச் சுழித்து "உனக்கெல்லாம் என்ன தெரியும்" என்பவர் அப்படி நினைப்பதில்லை.

இந்த வகைக்கு முன்னோடி என்று பலரும் சொல்லும் ஜேன் ஆஸ்டினின் 1813-ஆம் ஆண்டு நாவலான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'-ஐ இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். நாயகன் டார்சி முதன்முதலில் காதலைச் சொல்லும்போதே நாயகி எலிசபெத்தின் குடும்பத்தைத் தாழ்த்திப் பேசுகிறான். அவள் முகத்துக்கு நேரே மறுக்கிறாள். அவன் துரத்தவில்லை, மிரட்டவில்லை. ஒரு கடிதத்தில் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டு விலகுகிறான். பிறகு அவள் தங்கையைக் காப்பாற்றும்போதுகூட அது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்கிறான். இரண்டாம் முறை கேட்கும்போது, உன் மனம் மாறவில்லை என்றால் ஒரு வார்த்தை போதும், இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்கிறான். மறுப்பை ஏற்றுக்கொள்வதும், பலன் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமலே மாறுவதும்தான் அந்தக் கதையைத் தாங்குகின்றன. நாயகனே கொடுமைக்காரனாக வரும் பல ஆன்ட்டி ஹீரோ கதைகளில் அவள் முதலில் மன்னித்துவிடுகிறாள், அவன் பிறகு மாறுவான் என்று விட்டுவிடுகிறார்கள்.

குழப்பத்தில் இருப்பவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி எளியது. கடைசியாக நடந்த ஒரு சண்டையை எழுதுங்கள். அவர் சொன்னது, செய்தது மட்டும். "ஏனென்றால்" என்று தொடங்கும் வாக்கியமே வேண்டாம். மறுநாள் அதையே உங்கள் தங்கைக்கு நடந்ததாக நினைத்துப் படியுங்கள். துணை உங்கள் போனைச் சோதிப்பவராக இருந்தால் எழுதிவைக்க வேண்டாம், நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. பள்ளியில் ஒரு பையன் தொடர்ந்து சீண்டுகிறான் என்று மகள் வந்து சொன்னால், "உன்னைப் பிடிச்சிருக்கு, அதான்" என்று சிரித்துவிடாதீர்கள். வலிப்பதை அன்பென்று எடுத்துக்கொள்ளும் பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பயம் இருக்கிற உறவில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆலோசனை செய்வது பெரும்பாலும் பொருந்தாது. அறையில் பேசியதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கலாம். தனியாக வாருங்கள். பிரிந்து போகும் காலம் ஆபத்து கூடும் காலம் என்பதால், கிளம்பும் முடிவைச் சண்டைக்கு நடுவில் அறிவிக்க வேண்டாம். எங்கே தங்குவது, யாரிடம் சொல்வது, ஆவணங்கள் எங்கே என்று முன்பே திட்டமிடுங்கள்.

உங்கள் தோழி இப்படி ஓர் உறவில் இருந்தால், "அவனை விட்டுட்டு வா, இல்லைன்னா என்கிட்ட பேசாதே" என்று நிபந்தனை போடாதீர்கள். அவனைத் திட்டத் திட்ட அவள் அவனுக்காக வாதாடத் தொடங்குவாள். என்ன நடந்தது என்று கேளுங்கள், கேட்டதை நம்புங்கள். ஒரு தடவை வெளியே வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் நிறைய. அப்படிப் போனாலும் நீங்கள் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால்தான், அடுத்த முறை அவள் உங்களை அழைப்பாள்.