மனைவிக்கு ஒரு ஃபைல், பிள்ளைக்கு இன்னொரு ஃபைல்

மறுமணம் செய்துகொண்ட நம்மவர்கள் கிரீன் கார்டு விஷயமாக என்னைப் பார்க்க வந்தால், உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்: "ஒய்ஃபுக்கு அப்ளை பண்ணினால் பையனும் கூடவே வந்துவிடுவான்தானே சார்?" நியூ ஜெர்சியில் குடிவரவு வழக்கறிஞராக இருக்கும் நான் இதற்குச் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். வரமாட்டான். அவனுக்குத் தனியாகப் போட வேண்டும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கம்பெனி மூலம் கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு மனைவியும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் ஒரே மனுவில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர் எல்லோரும் சொல்வது அந்த வழியை. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர் தன் மனைவிக்கு மனு செய்வது வேறு வழி. சட்டம் மனைவியை "உடனடி உறவினர்" என்ற பிரிவில் வைக்கிறது. இந்தப் பிரிவுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது, வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒருவர் மனுவில் இன்னொருவர் சேர்ந்து வர முடியாது. மனைவிக்கு ஒரு ஐ-130 படிவம், அவருடைய முதல் திருமணத்துப் பிள்ளைக்கு இன்னொரு ஐ-130. இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்தம் மூன்று. 2024 ஏப்ரல் முதல் ஒரு மனுவுக்கு ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால், அனுப்பும் நாளன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிள்ளையைத் தத்தெடுத்தால்தான் மனு செய்யலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. பிள்ளையின் அம்மாவை நீங்கள் சட்டப்படி மணந்திருந்தாலே, அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை உங்கள் பிள்ளை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. திருமணம் நடந்த நாளில் பிள்ளைக்கு 18 வயது நிறைந்திருக்கக் கூடாது. 17 வயது 11 மாதம் என்றால் சரி. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் தாலி கட்டினால், அந்தத் திருமணத்தின் வழியாக மாற்றாந்தந்தை மனு செய்யவே முடியாது. எந்த விண்ணப்பமும், எந்தக் கடிதமும் அதைத் திருத்தாது.

இந்த 18 வயது விஷயத்தைத் தெரியாமல் திருமணத் தேதி குறிக்கிறார்கள். ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. மாப்பிள்ளை இங்கே குடியுரிமை பெற்றவர். பெண் கோவைப் பக்கம், கணவரை இழந்தவர். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். எல்லாம் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். நான் மகளின் பிறந்த தேதியைக் கேட்டேன். ஆடி மாதத்தில் அவளுக்குப் 18 நிறைகிறது. ஆடியில் நல்ல காரியம் வைக்க மாட்டார்கள், ஆவணிக்குத் தள்ளினால் மகளுக்கு வழி அடைபடுகிறது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போனில் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்போ ஆனியிலேயே கோயிலில் வெச்சுக்கலாம் தம்பி, சாப்பாடு ஆவணியில் போட்டுக்கலாம்" என்றார். அப்படியே செய்தார்கள்.

பதிவுத் திருமணம்தான் செய்யப் போகிறோம் என்பவர்கள் இன்னும் முன்னதாகக் கணக்குப் போட வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்த பிறகுதான் திருமணம் செய்ய முடியும். அதற்கும் முன்னால், இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் லீவு போட்டு வரும் மாப்பிள்ளை இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு பயனில்லை.

18 திருமணத் தேதிக்கான வயது. மனுவுக்கான வயது 21. குடியுரிமை பெற்றவர் ஐ-130 தாக்கல் செய்யும் நாளில் பிள்ளைக்கு 21 நிறையாமல் இருந்தால் போதும், அன்றோடு வயது உறைந்துவிடும். ஆனால் விசா பெற்று இங்கே வந்து இறங்கும் வரை பிள்ளைக்குத் திருமணம் ஆகக் கூடாது. 2002இல் வந்த ஒரு சட்டம் தந்த பாதுகாப்பு இது. விசா வர எத்தனை மாதம் ஆனாலும் அந்த வயதுதான் கணக்கு. அதனால் "முதலில் அம்மா வந்து செட்டில் ஆகட்டும், பையன் டிகிரி முடிக்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்ற யோசனையை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. படிப்பு முடியட்டும், தாராளமாக முடியட்டும். மனுவை மட்டும் இன்றே போட்டு வையுங்கள்.

மனு செய்பவர் குடியுரிமை பெறாமல், கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் கணக்கு வேறு. அங்கே மனைவியின் மனுவிலேயே பிள்ளையும் சேர்ந்து வரலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. காத்திருக்கும் காலத்தில் அவர் குடியுரிமை வாங்கிவிட்டால் மனைவிக்கு நல்லது, வரிசை போய்விடும். ஆனால் பிள்ளை ஒட்டிக்கொண்டிருந்த அந்த இடமும் கூடவே போய்விடும். அவனுக்குப் புதிதாக ஐ-130 போட வேண்டும், அன்றைக்கு அவனுக்கு 21 நிறைந்திருக்கவும் கூடாது. குடியுரிமை உறுதிமொழி எடுத்த சந்தோஷத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை. கிரீன் கார்டுக்காரர்களுக்கும் நான் முதல் நாளே பிள்ளைக்குத் தனி மனு போடச் சொல்வது இதனால்தான். கூடுதலாக ஒரு கட்டணம் போகும், போகட்டும்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் கவலை தருவது பிள்ளையின் அப்பா பெயர்.

ஊரில் நாலு பேர் கேட்பார்கள் என்று பிள்ளையின் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் புது அப்பாவின் பெயரைப் போட்டுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இன்ஷியலை மாற்றிவிடுகிறார்கள். சிலர் பாஸ்போர்ட்டிலும் மாற்றி எடுக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்கத் தூதரகத்தில் அந்தக் காகிதம் எப்படித் தெரியும் என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு அப்பா, பாஸ்போர்ட்டில் வேறொரு அப்பா, மனுவில் "மாற்றாந்தந்தை" என்ற உறவு. இதில் எது உண்மை என்று அதிகாரி கேட்பார். உள்நோக்கத்தோடு பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவு செய்தால், அந்தக் குற்றச்சாட்டு ஆயுள் முழுக்கப் பின்தொடரும். மாற்றாந்தந்தை என்ற உறவில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த உறவின் பெயரால்தான் பிள்ளைக்கு விசாவே கிடைக்கிறது. பெற்ற அப்பாவின் பெயர் எல்லாக் காகிதத்திலும் அப்படியே இருக்கட்டும்.

திருமணப் பதிவிலும் இதே சங்கடம் வருகிறது. சார்பதிவாளர் அலுவலக விண்ணப்பத்தில் மணமக்களின் திருமண நிலையைக் கேட்கும் இடத்தில், விவாகரத்தானவர் என்றோ கணவரை இழந்தவர் என்றோ எழுதக் கூச்சப்பட்டு, "திருமணமாகாதவர்" என்று நிரப்பிவிடுகிறார்கள். எழுதித் தருபவரே அப்படி எழுதிவிடுவதும் உண்டு. பிறகு அதே பெண்ணின் பதினான்கு வயது மகனுக்கு விசா கேட்கும்போது இந்த ஒரு வார்த்தை எழுந்து நிற்கிறது. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

முதல் திருமணம் சட்டப்படி முடிந்ததற்கு ஆதாரம் வேண்டும். கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். பிரிந்திருந்தால் நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பு. மாப்பிள்ளைக்கும் முதல் திருமணம் இருந்தால் அதற்கும் இதே ஆதாரம். இங்கேதான் சில குடும்பங்கள் ஒரு முத்திரைத்தாளை எடுத்து நீட்டுகின்றன. பெரியவர்கள் முன்னிலையில் பேசி, நகை சீர் எல்லாம் திருப்பிக் கொடுத்து, இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட தாள். நோட்டரி முத்திரைகூட இருக்கும். அது விவாகரத்து ஆகாது. இந்து திருமணச் சட்டம் 29ஆம் பிரிவில் வழக்கமுறை மணமுறிவுக்கு இடம் கொடுப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும், அது எளிதல்ல. நிரூபிக்க முடியாவிட்டால் முதல் திருமணம் இன்னும் நிற்கிறது. அப்போது இரண்டாவது செல்லாது. இரண்டாவது செல்லாவிட்டால் மனைவி மனுவும் விழும், பிள்ளை மனுவும் விழும். இந்த நிலையில் இருப்பவர்கள் மறுமணத்துக்கு முன்பே குடும்பநல நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கிவிடுவது நல்லது.

பிள்ளை யார் பொறுப்பில் என்பதையும் அந்த நீதிமன்றத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளலாம். பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் "குழந்தை தாயிடம் இருக்கும்" என்று ஒரு வரி எழுதுவார்கள். அப்பா மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்றும் எழுதுவார்கள். பார்க்க வரும் உரிமையைத் தீர்ப்பில் வைத்திருக்கும் அப்பா, பிள்ளை அமெரிக்கா போகிறான் என்று கேள்விப்பட்டதும் தடை கேட்டு நீதிமன்றம் போகலாம். அதனால் வக்கீலிடம் சொல்லி இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: தாய் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கவும், வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியமர்த்தவும் தந்தைக்கு ஆட்சேபம் இல்லை. இருவரும் பேசும் நிலையில் இருக்கும்போது இந்த இரண்டு வரி எளிதில் கிடைக்கும். நாலு வருஷம் கழித்துக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. பதிலுக்கு அப்பாவுக்கு வாரம் ஒரு வீடியோ கால், விடுமுறையில் ஒரு பயணம் என்று எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்கும் அது தேவை.

மனு ஒப்புதலானதும் ஃபைல், விசாவுக்கான காகிதங்களைச் சேகரிக்கும் அமெரிக்க அரசு அலுவலகமான நேஷனல் விசா சென்டருக்குப் போகும். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நேர்காணல் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில். 16 வயது நிறைந்த பிள்ளைக்கும் போலீஸ் சான்றிதழ் வேண்டும். தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்போடு, இரு மொழியும் தெரிந்தவர் சரியாகப் பெயர்த்ததாக உறுதி கூறிக் கையெழுத்திட்டால் போதும். வருமான உறுதிமொழியான ஐ-864 படிவத்தையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். வேறு யாரும் உங்களை நம்பி இல்லாமல் கணவன், மனைவி, ஒரு பிள்ளை என மூன்று பேர் மட்டும் என்றால், 2025ஆம் ஆண்டு அளவுகோலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 33,300 டாலர் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. இதில் கையெழுத்திடும் கணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள்: விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு முடியாது.

இன்னொன்று. மறுமணத்தைச் சத்தமில்லாமல் கோயிலில் பத்துப் பேரோடு முடித்துவிடுவது நம் வழக்கம். ஆல்பத்தில் பிள்ளையே இருக்கமாட்டான், பாட்டி வீட்டில் விட்டிருப்பார்கள். பிள்ளையை மணமேடைக்கு அழைத்து வாருங்கள் என்று நான் சொல்வது விசாவுக்காக மட்டுமல்ல, ஆனால் திருமணம் உண்மையானது என்று காட்டுவதால் விசாவுக்கும் அது உதவும்.

இங்கே வந்து இறங்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால், மனைவிக்கும் பிள்ளைக்கும் இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை கார்டுதான் வரும். அது காலாவதியாகும் முன்னுள்ள 90 நாளுக்குள், அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைப் போட வேண்டும். பிள்ளை அம்மாவோடு சேர்ந்தோ, அம்மா வந்து 90 நாளுக்குள்ளோ வந்திருந்தால் அம்மாவின் ஐ-751இலேயே சேரலாம். பரீட்சை முடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து வந்த பிள்ளைக்கு அதுவும் தனி. அவன் கார்டின் தேதியை வேறாகக் குறித்து வையுங்கள்.

இந்த ஐ-751ஐக் காட்டி மிரட்டும் கணவர்களும் இருக்கிறார்கள், "நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீயும் உன் பிள்ளையும் ஊருக்குத்தான்" என்று. பெண்களே, அது உண்மையல்ல. அடி, வசை, கொடுமை என்றால் கணவர் கையெழுத்து இல்லாமலே நீங்கள் தனியாக ஐ-751 தாக்கல் செய்யலாம், பிள்ளையையும் சேர்க்கலாம். நல்ல எண்ணத்தில் செய்த திருமணம் விவாகரத்தில் முடிந்திருந்தாலும் தனியாகத் தாக்கல் செய்ய வழி உண்டு. பாஸ்போர்ட்டும் கார்டும் உங்கள் கையில் இருக்கட்டும், அவற்றின் நகலை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக, பிள்ளையின் குடியுரிமை. மாற்றாந்தந்தை அமெரிக்கர் என்பதால் பிள்ளை தானாக அமெரிக்கன் ஆகிவிடுவதில்லை. 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குழந்தைக் குடியுரிமைச் சட்டம் பெற்ற பிள்ளைக்கும் தத்துப் பிள்ளைக்கும்தான். ஆனால் அம்மா வழியாக அது கிடைக்கும். குடியுரிமை பெற்ற கணவரோடு சேர்ந்து வாழும் மனைவி, கிரீன் கார்டு வாங்கி மூன்று ஆண்டில் தானும் குடியுரிமை கேட்கலாம். அவர் உறுதிமொழி எடுக்கும் நாளில் பிள்ளை 18 வயதுக்குள், கிரீன் கார்டோடு, அம்மாவின் பொறுப்பில் இங்கே வசித்தால், அவனும் அன்றே குடிமகன். 18 தாண்டிவிட்டால், தன் கிரீன் கார்டு தேதியிலிருந்து ஐந்து ஆண்டு முடித்து அவனே விண்ணப்பிக்க வேண்டும். பதினான்கு வயதில் வரும் பிள்ளைக்கும் பதினாறில் வரும் பிள்ளைக்கும் இதில்தான் வித்தியாசம். அதனால் பிள்ளை சின்னவனாக இருந்தால், அம்மாவின் மூன்றாவது ஆண்டு எப்போது முடிகிறது என்று வந்த அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த விண்ணப்பத்தை மூன்று ஆண்டு முடிய 90 நாள் இருக்கும்போதே போடலாம்.